பெரிய ஆர்டர் வந்த பிறகு: வளரும் தொழில் நொடிந்துபோகாமல் காப்பது எப்படி

வியாபாரம் படுத்துப்போய்க் கடையை மூடியவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். வியாபாரம் பெருகியதாலேயே கடன்பட்டு மூடியவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி உடைக்கும் சிறு ஆலை நடத்துபவர்களுக்கும் புதுச்சேரியில் தொழிற்கூடம் வைத்திருப்பவர்களுக்கும் இந்த இரண்டாவது ஆபத்தே பெரியது என்பது என் கணிப்பு. அது வரும்போது ஊரே வாழ்த்துவதால், எச்சரிக்க யாரும் இருப்பதில்லை. எதிர்பாராத அளவுக்குப் பெரிய ஆர்டர் கிடைத்தால், அதை ஒப்புக்கொள்வதற்கு முன் செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் பணம் எத்தனை நாள் வெளியே நிற்கிறது என்று கணக்கிடுங்கள். ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். முந்திரிக்கொட்டையை ரொக்கம் கொடுத்து வாங்கி, வேகவைத்து, உடைத்து, தோல் உரித்து, தரம் பிரித்துப் பருப்பாக அனுப்ப 30 நாள் ஆகிறது. வாங்குபவர் பணம் தர மேலும் 60 நாள் எடுத்துக்கொள்கிறார். மாதச் செலவு 9 லட்சம், விற்பனை 10 லட்சம் என்றால், எந்த நேரத்திலும் 27 லட்சம் ரூபாய் மூலதனம் முடங்கிக் கிடக்கும். ஆர்டர் இரட்டிப்பானால் அது 54 லட்சமாகிறது. கூடுதலாகத் தேவைப்படும் 27 லட்சத்தைப் பழைய இலாபமான மாதம் ஒரு லட்சத்தில் சேர்க்க, இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே கடன் வாங்குகிறோம். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டியில் வாங்கினால் மாதம் 54,000 போய்விடும். வாங்குபவர் ஒரு மாதம் தாமதித்தால் மேலும் 18 லட்சம் வெளியே நிற்கும். அதற்கு வட்டி 36,000. ஆர்டரால் கூடிய இலாபம் ஒரு லட்சம், வட்டி 90,000. கணக்கேட்டில் விற்பனை இரு மடங்காகத் தெரியும்போது, வெள்ளிக்கிழமை கூலி கொடுக்கக் கையில் பணம் இருக்காது. இந்தக் கணக்கை உங்கள் எண்களைக் கொண்டு, வாங்குபவர் இரண்டு மாதம் தாமதிப்பதாக வைத்தும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அடுத்து, புதிய வாய்ப்புக்காக, ஒழுங்காக நடக்கும் பழைய வேலையைக் காலி செய்யாதீர்கள். இதற்கு நம் வட்டார வரலாற்றிலேயே ஓர் உதாரணம் உண்டு. கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் வைத்திருந்த புனித டேவிட் கோட்டையை 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி கைப்பற்றினார். அந்த வெற்றியின் வேகத்தில் அடுத்த இலக்காகச் சென்னையை நினைத்த அவருக்குப் படைநடத்தப் பணமில்லை. தஞ்சாவூர் மன்னரிடம் பழைய பாக்கியை வசூலிக்கச் சென்று, நினைத்த பணம் கிடைக்காமல் திரும்பினார். தக்காணத்தில் பிரெஞ்சுச் செல்வாக்கைத் தாங்கி நின்ற தளபதி புஸ்ஸியையும் சென்னை முற்றுகைக்காக அழைத்துக்கொண்டார். அவர் இல்லாத நிலையில், ஆந்திரக் கடற்கரையில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மசூலிப்பட்டினம் 1759 ஏப்ரலில் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. சென்னையும் விழவில்லை. சம்பளம் கிடைக்காத வீரர்கள் கலகம் செய்தார்கள்; 1760 ஜனவரியில் வந்தவாசித் தோல்வியும், அடுத்த ஜனவரியில் புதுச்சேரியின் சரணும் வந்தன. ஆங்கிலக் கடற்படையின் பலத்துக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், அகலக்கால் வைத்தவர் முதலில் இழந்தது காசையும் பிறகு ஆட்களையும் என்ற வரிசையைக் கவனியுங்கள். நீண்ட நாள் வாடிக்கையாளருக்கு வழக்கமாக அனுப்பும் சரக்கை நிறுத்திப் பெரிய ஆர்டருக்குத் திருப்புவதும், தரம் பிரிப்பதில் கைதேர்ந்த பெண்களை அவசர வேலைக்கு மாற்றுவதும் இதே வகைத் தவறுகளே.

வாங்குபவரோடு பேசும்போது சட்டத்தைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-இன்படி, உத்யம் பதிவு (இத்தகைய நிறுவனங்களுக்கான மத்திய அரசின் பதிவு) பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். மேலே சொன்ன 60 நாள் தவணை இந்த வரம்பைத் தாண்டுகிறது. தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். ஆனால், வாங்கி விற்க மட்டும் செய்யும் வணிகர்களுக்கு இந்தப் பாதுகாப்புப் பொருந்தாது.

குடியிருக்கும் வீட்டை அடமானம் வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

கடனின் அளவை, நல்ல ஆண்டின் வருமானத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டி வட்டாரத்து முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. மறுபடி நட்ட கன்று முழுக் காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். கடன் தவணையோ அடுத்த மாதமே வந்து நிற்கும். மந்தமான ஆண்டின் வருமானத்திலும் கட்ட முடிகிற தவணைக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். கிடங்கில் இருக்கும் சரக்குக்குப் புயல், வெள்ளம் சேர்த்துக் காப்பீடு எடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆர்டர் தேவை என்று தோன்றினால், அதைப் பகுதிகளாகப் பிரித்துக் கேளுங்கள். முதல் மாதம் கால் பங்கு. அதற்கான பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே அடுத்த பங்கு. உண்மையாகவே உங்கள் சரக்கு வேண்டும் என்பவர் பெரும்பாலும் இதற்கு இணங்குவார். தேதிகளையும் தவணைகளையும் எழுதி வாங்கிய பின்னரே புதிய இயந்திரத்துக்கு முன்பணம் கொடுங்கள்.