தேரூர்க் குளமும் காயாத தாளும்

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் நீர்வண்ணம் தீட்டுவோருக்குத் தாள் காயாததே முதல் தொல்லை. அஞ்சலட்டை அளவில் நான் வரைய விரும்பியது தேரூர்க் குளத்தை. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலங்கள் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன என்றாலும், என்னை அங்கே இழுத்தது அந்தப் பெருமையன்று. நீண்ட சிவந்த கால்விரல்களால் ஒரு தண்டைப் பற்றிக்கொண்டு, அதன் குருத்தை நிதானமாகக் கடித்துத் தின்ற ஒரு நீலத் தாழைக்கோழியே.

ஆடிச் சாரலில் வீட்டில் அமர்ந்து தீட்டியபோது, முதல் பூச்சு மேலே உலர்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரம் நின்றதால், அடுத்த பூச்சின் நீர் நிறத்துகள்களை ஓரத்துக்குத் தள்ளி, வானத்தில் காலிஃபிளவர் போன்ற கறைகளை உண்டாக்கியது. கறை விழுந்த இடத்தை ஈரத் தூரிகையால் விளிம்பில் மட்டும் தளர்த்தி, டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்து, மழைமேகமாக்கிவிட்டேன். உண்மையில் அன்றைய வானமும் அப்படித்தான் இருந்தது.

அடுத்த படத்துக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த பருத்தித் தாளை எடுத்து, நான்கு ஓரங்களையும் பசைநாடாவால் பலகையில் ஒட்டினேன். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் புறங்கையைத் தாளில் லேசாக வைத்துப் பார்த்து, குளிர்ச்சி தட்டினால் காத்திருந்தேன். ஹேர் டிரையரை, தாளில் நீரின் பளபளப்பு மறைந்த பின்னரே பயன்படுத்த வேண்டும். முன்னதாகக் காற்று பட்டால் வண்ணம் ஓடிவிடும்.

பறவையின் நிழலுக்குக் கறுப்பைத் தவிர்த்து, அல்ட்ராமரின் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணத்தைச் சிறிது கலந்தேன். சட்டமிடுகையில் கண்ணாடி தாளைத் தொடாதபடி இடையில் மவுண்ட் அட்டை வைக்கச் சொன்னேன். இந்த ஈரக்காற்றில் அது இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.