வன்னியில் ஒரு வானொலிக் கடையின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

வானொலி விற்று, பழுது பார்த்து, கோயிலுக்கும் கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் ஒலிபெருக்கி கட்டிப் பிழைத்த குடும்பங்கள் வட இலங்கையின் வன்னியில் பரந்தனிலும் மாங்குளத்திலும் மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் இருந்தன. அப்பப்பா தொடங்கி, அப்பாவும் சித்தப்பாவும் நடத்திய எங்கள் கடையும் அவற்றில் ஒன்று. அதன் வரலாற்றைத் தொகுத்து முடித்தபோது கற்றுக்கொண்டவற்றை, தங்கள் வீட்டுக் கடையின் கதையை எழுத விரும்புகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

பதிவுச் சான்றிதழையும் கணக்குப் புத்தகங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குவதுதான் வழக்கம். வன்னியில் அது பெரும்பாலும் கைகூடாது. 1996-இல் கிளிநொச்சியை விட்டு ஓடியவர்கள், 2009-இல் போரின் இறுதியில் விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன் என்று நகர்ந்து முள்ளிவாய்க்கால்வரை போனவர்கள், கணக்குக் கொப்பியையா காவிக்கொண்டு போயிருப்பார்கள்? ஆகவே பொருளிலிருந்து தொடங்குங்கள். கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போய் மீள்குடியேற்றத்தின்போது தோண்டியெடுத்த அம்பிளிபயர் ஒன்று, வாய் நெளிந்த ஒலிபெருக்கிக் குழாய் ஒன்று, ஓடாத ரேப்றெக்கோடர் ஒன்று என ஏதாவது மிஞ்சியிருக்கும். அதைத் துடைப்பதற்கு முன் நான்கு பக்கமும் அடிப்பக்கமும் படம் எடுங்கள். நான் அவசரப்பட்டு ஈரத்துணியால் துடைத்ததில், ஒரு பெட்டியின் அடித்தகட்டில் சித்தப்பா சோக்கட்டியால் எழுதியிருந்த வாடிக்கையாளர் பெயர் பாதி அழிந்துபோயிற்று. அந்த இழப்பு இன்றும் மனதை உறுத்துகிறது.

மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஐசிகள் எனப்படும் சிறு கறுப்புச் சில்லுகள் பலவற்றிலும் ரான்சிஸ்ரர்கள் சிலவற்றிலும் பொருளின் இலக்கத்துக்குக் கீழே தனியாக நான்கு இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் முதல் இரண்டு இலக்கம் ஆண்டையும் அடுத்த இரண்டு இலக்கம் அந்த ஆண்டின் வாரத்தையும் குறிக்கும். 8214 என்றிருந்தால் அது 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஒரே பெட்டிக்குள் மூன்று நான்கு பாகங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தைக் காட்டினால், பெட்டி அதற்குச் சற்றுப் பின்னர் செய்யப்பட்டது என்று துணிந்து எழுதலாம். ஒரு பாகம் மட்டும் பல ஆண்டுகள் பிந்தியதாக இருந்தால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். அது பெரும்பாலும் உங்கள் கடையில் மாற்றப்பட்ட பாகம். எங்கள் அம்பிளிபயரில் மற்றப் பாகங்களோடு சேராத பெரிய கப்பாசிற்றர் (மின்னைத் தேக்கிவைக்கும் பாகம்) ஒன்று, செம்புக் கம்பியால் கட்டி ஒட்டப்பட்டிருந்தது. கொழும்பிலிருந்து பாகங்கள் வராத ஆண்டுகளில், செத்துப்போன ஒரு தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து அதைக் கழற்றிப் போட்டதாக அப்பா சொன்னார். வன்னிக்குப் பொருள்கள் போவதை அரசு தடுத்த பொருளாதாரத் தடைக்காலத்தில் கடை எப்படி ஓடியது என்பதைக் காட்ட எங்களிடம் மிஞ்சிய சான்று அந்த ஒட்டு ஒன்றுதான்.

பொருள்கள் உலகில் எப்போது வந்தன என்பதையும் கையில் வைத்திருங்கள். ரான்சிஸ்ரர் 1947-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ரான்சிஸ்ரர் வானொலி 1954-இல் விற்பனைக்கு வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் கசெற்றை அறிமுகப்படுத்தியது 1963-இல். பெரியவர் ஒருவர் 1960-இல் கசெற்றில் பாட்டுப் போட்டதாகச் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு நினைவுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டன. நம் நாட்டு வியாபாரத்தின் போக்கும் உதவும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. 1977-இன் பின் கதவு திறந்ததும் ஜப்பானிய ரேப்றெக்கோடர்கள் கடைகளில் நிறைந்தன. பழுது பார்த்த பெரியப்பாமார்கள் சட்டென்று விற்பனையாளர்களாக மாறியது அந்தத் திருப்பத்தில்தான்.

அடுத்து வாய்மொழி. ஆண்டைக் கேட்காதீர்கள், வயல், திருவிழா, புயல், இடப்பெயர்வு என்று கேளுங்கள். கடை எப்போது தொடங்கியது என்று அப்பம்மாவிடம் பல தடவை கேட்டும் வராத பதில், புயலைப் பற்றிக் கேட்டதும் வந்துவிட்டது. “புயலுக்குப் பிறகு வந்த முதல் நல்ல வெட்டோடதான் கொப்பப்பா மேசை போட்டவர்” என்றார். வெட்டு என்றால் நெல் அறுவடை. அவர் சொன்ன புயல் 1964 மார்கழியில் வவுனியா, மன்னார்ப் பக்கத்தை அடித்து நொறுக்கிச் சென்ற புயல். அந்தப் பெரும்போகம், அதாவது மாரி நெல், அழிந்தது. ஆகவே நல்ல வெட்டு என்பது 1965-இன் சிறுபோகமாகவோ (கோடை நெல்) 1966 தொடக்கத்தில் வெட்டிய பெரும்போகமாகவோ இருக்கவேண்டும். நாங்கள் “1965–66” என்று எழுதினோம். ஒற்றை ஆண்டாக எழுதினால் அழகாக இருக்கும் என்பதற்காக இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யாதீர்கள். வன்னியில் கடனும் வெட்டை வைத்தே எழுதப்பட்டது. “சிறுபோகம் வெட்ட மிச்சம்” என்று ஒரு துண்டுக் கடதாசியில் கண்டால், அந்த வானொலி சிறுபோக வெட்டுக்கு முன்பே விற்கப்பட்டிருக்கும் என்று கொள்ளலாம்.

குரல்களும் காலத்தைச் சொல்லும். இந்த நாட்டில் வானொலி ஒலிபரப்பு 1925 மார்கழியில் தொடங்கியது. வர்த்தக சேவை 1950-இல் தொடங்கியது. ரேடியோ சிலோன் 1967-இல் கூட்டுத்தாபனமாயிற்று. இவற்றை ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிப் பயனில்லை. “உங்கட வீட்டு றேடியோவில முதல் கேட்ட குரல் ஆருடையது?” என்று கேளுங்கள். அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனம் என்றால் ஒரு காலம், கே.எஸ். ராஜா என்றால் அடுத்த காலம். பேர் சொல்லும்போதே முகம் மலர்ந்து, வானொலி எந்த மூலையில் இருந்தது, எந்த நிறத் துணியால் மூடியிருந்தது என்பதுவரை வந்துவிடும்.

இனிச் சொல்வதை வெளியூரிலிருந்து எழுதுபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். 1996 வைகாசியில் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஐப்பசியில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது. 2006 சித்திரையில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியோ பழைய நேரத்திலேயே இருந்தது. ஆகவே பல ஆண்டுகள் வவுனியா நகரத்துக்கும் எங்கள் கடைக்கும் அரை மணித்தியால வித்தியாசம். பிபிசி தமிழோசை எங்களுக்கு இரவு 9.15, வவுனியாவில் இருந்தவருக்கு 9.45. இரண்டு பேர் ஒரே செய்தியைக் கேட்ட நேரத்தை வேறுவேறாகச் சொன்னால் இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். சொன்னவர் அப்போது எங்கே இருந்தார் என்பதையும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

அந்த 9.15 பற்றிச் சற்று விரிவாகவே எழுதுங்கள் என்பேன். வன்னிக் கடைகளின் கைவண்ணம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. மின்சாரம் இல்லை. 2002 தொடக்கத்தில் தடை தளரும்வரை பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். வானொலிக்கு உயிர் கொடுத்தது சைக்கிள் டைனமோ. வழக்கமான டைனமோ 6 வோல்ட்டு, 3 வாட்டு கொடுக்கும். ஆனால் அது மாறுதிசை மின்சாரம், வானொலிக்கோ நேர்மின்சாரம் வேண்டும். ஆகவே மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட்டு நான்கைப் பாலம்போல் கட்டி, இரைச்சல் அடங்க ஒரு கப்பாசிற்றரைக் குறுக்கே போட்டு, சவர்க்காரப் பெட்டிக்குள் அடைத்துக் கொடுப்பார் அப்பப்பா. சில்லை வேகமாகச் சுற்றினால் வோல்ட்டு ஏறி வானொலி எரிந்துபோகும் என்பதற்காக, சைக்கிள் விளக்கின் சிறு பல்ப்பையும் அதே கம்பியில் சேர்த்துவிடுவார். ஸ்கந்தபுரத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த கொட்டிலின் முன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. “பல்ப்பைப் பார்த்துச் சுத்து, மோனை, வெள்ளையாய் எரிஞ்சால் மெதுவாக்கு, சிவந்தால் கெதியாக்கு” என்பார். கை ஓய்ந்து வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்து இறங்கும். சுற்றி இருந்த பத்துப் பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். உங்கள் கடை இதை எப்படிச் செய்தது, எத்தனை டயோட்டு, எந்தப் பெட்டி, என்ன விலை என்று கேட்டு, இயலுமானால் ஒன்றைத் திரும்பச் செய்யச் சொல்லிக் காணொளி எடுங்கள். கைக்குத் தெரிந்தது வாய்க்கு வராது, செய்யும்போதுதான் வரும்.

கடைக்காரரை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ஒலிபெருக்கியின் வரலாறு ஊரின் காதில் இருக்கிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்கும் உங்கள் ஊர்க் கோயிலுக்கும் குழாய் எந்த மரத்தில், எந்தத் திசை பார்த்துக் கட்டப்பட்டது, எந்தக் குளக்கட்டுவரை கேட்டது என்று வயதானவர்களிடம் கேளுங்கள். மரமேறிக் குழாய் கட்டியவர்கள் பெரும்பாலும் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். கடையில் வேலைக்கு நின்ற பொடியன்கள். குடும்ப வரலாறுகளில் முதலில் விடுபடுவது அவர்களுடைய பெயர்கள்தான். அவர்களைத் தேடிப் பிடித்து, சம்மதம் பெற்று, அவர்கள் சொல்வதை அவர்களுடைய சொல்லிலேயே எழுதுங்கள்.

2009 பற்றிக் கேட்கும்போது அவசரம் வேண்டாம். பதிவுக் கருவியை எடுப்பதற்கு முன் கேளுங்கள். ஒருவர் மௌனமானால் கருவியை நிறுத்துங்கள். எங்கள் சித்தப்பா அம்பிளிபயரைப் புதைத்த இடம்வரை சொல்லிவிட்டு, “இவ்வளவும் காணும்” என்றார். வரலாற்றிலும் அந்த அத்தியாயம் அந்த இடத்திலேயே நிற்கிறது.

காகிதம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984-இல். அதற்கு முந்தைய பதிவுகளை யாழ்ப்பாண மாவட்டத்தின் கீழ்த் தேடவேண்டும். முல்லைத்தீவு மாவட்டமானது 1978-இல். அதற்கு முந்தையவற்றுக்கு முதலில் வவுனியாவைப் பாருங்கள். கோயில் மலர், பாடசாலை மலர், சங்க அறிக்கை ஆகியவற்றின் கடைசிப் பக்கங்களில் கடைகளின் விளம்பரம் இருக்கும். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் இத்தகைய மலர்கள் பலவற்றை வீட்டிலிருந்தே புரட்டலாம். புலம்பெயர்ந்த வாடிக்கையாளர்களின் கலியாணப் படத்தொகுப்பையும் கேளுங்கள். எங்கள் பெயர்ப்பலகையின் ஒரே படம், கனடாவில் இருக்கும் ஒருவரின் கலியாண ஊர்வலப் படத்தின் பின்னணியில் கிடைத்தது.

கசெற்றுகள் மிஞ்சியிருந்தால் அவற்றுக்கே முதலிடம் கொடுங்கள். காகிதம் காத்திருக்கும், நாடா காத்திருக்காது. பூஞ்சணம் பிடித்ததை ஓடவிடாதீர்கள், ஓட்டும் கருவியும் கெட்டுவிடும். நல்லதை முதலில் ஒரு தடவை முன்னும் பின்னும் முழுதாகச் சுற்றி இறுக்கத்தைத் தளர்த்துங்கள். ஓட்டும் கருவியில் நாடா உரசிச் செல்லும் தலையைத் துப்புரவாக்கி, ஒலி மந்தமாக இருந்தால் தலையின் சாய்வைச் சரிசெய்யும் சிறிய திருகாணியைக் காதால் கேட்டுக்கேட்டுத் திருப்புங்கள். பதிவு வேவ் கோப்பாக, 24 பிற்றில், குறைந்தது 48 கிலோஹேர்ட்சில் இருக்கட்டும். எம்பி3 பகிர்வதற்கு மட்டும். சி-90 என்றால் ஒரு பக்கம் 45 நிமிடம். பக்கம் முடியும்வரை விட்டுப் போகாதீர்கள். கோயில் பாட்டின் இறுதியில் அப்பப்பா “ஒண்டு, ரெண்டு, மைக் ரெஸ்ற்” என்று சொல்லும் குரல் ஒரு நாடாவின் கடைசி அரை நிமிடத்தில்தான் எங்களுக்குக் கிடைத்தது.

எழுதும்போது கடை இருந்த இடங்களின் வரிசையையே முதுகெலும்பாக வையுங்கள். எங்களுக்கு அது பரந்தன், ஸ்கந்தபுரம், ஏ9 (கண்டி–யாழ்ப்பாணம்) பாதை திறந்த 2002-இல் மீண்டும் பரந்தன், பின் தருமபுரம், அதன் பின் ஒன்றுமில்லாத ஓராண்டு, மீண்டும் தகரக் கொட்டிலில் பரந்தன் என்று அமைந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பொருள், ஒரு குரல், ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் போதும். யார் கடன் கட்டவில்லை என்பதை எழுதாதீர்கள். அந்த வீடுகளில் சில இப்போது வெறும் நிலம்.

பிரதியை மூன்று இடங்களில் வையுங்கள்: வீட்டில் ஒன்று, வெளிநாட்டு உறவினரிடம் ஒன்று, எண்ணிம நூலகத்தில் ஒன்று. அச்சிட்ட பிரதியின் பின்னால் நாலைந்து வெற்றுத்தாள் சேர்த்துக் கட்டிக் கடை மேசையில், பேனையோடு வையுங்கள். எங்களுடையதில் இரண்டு தாள் நிரம்பிவிட்டது. முறிகண்டியிலிருந்து வந்த ஒரு முதியவர் நின்றபடியே வாசித்துவிட்டு, முதல் மின்பிறப்பாக்கியை நாங்கள் வாங்கியதாக எழுதியிருந்த வரியின் கீழே கோடிட்டு, அது தன் தகப்பன் நெல்லு விற்றுக் கொடுத்த காசு என்று எழுதினார். அப்பா வாசித்துப் பார்த்து, உண்மைதான் என்று தலையசைத்தார். அடுத்த பதிப்பில் அந்த வரி மாறும்.