பல்கலைக்கழகக் கல் அருங்காட்சியகத்தைப் பார்ப்பது எப்படி?

கிருஷ்ணகிரியில் கிரானைட் பலகை விற்பவன் நான். கடைக்கு வரும் ஆசிரியர்களிடம் விலை பேசி முடித்ததும் ஒன்று கேட்பேன்: பிள்ளைகளைப் பல்கலைக்கழக ஜியாலஜி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனீர்களா?

நினைத்த நாளில் கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது துறைக்குள் இருக்கும் ஒரு கூடம். சாவி யாராவது ஒருவரிடம் இருக்கும். எத்தனை பேர், எந்த வகுப்பு, எந்தத் தேதி என்று துறைத் தலைவருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். செமஸ்டர் தேர்வுக் காலம் வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் டைனோசரைத் தேடுவார்கள். தேடட்டும். நீங்கள் நம் பக்கத்துக் கற்கள் உள்ள அலமாரியில் தொடங்குங்கள். நைஸ், சார்னோகைட் என்ற பாறை வகைகள், நாங்கள் பிளாக் கிரானைட் என்று விற்கும் டோலரைட் எல்லாம் அங்கே இருக்கும். சமையல் மேடையில் போடும் பாரடைசோ என்ற கிரானைட் பலகையில் நெளிந்து ஓடும் வரிகள், பூமிக்கு அடியில் பாறை பாதி உருகிக் குழைந்ததன் தடம். நம் பாறைகளில் பல 250 கோடி ஆண்டு பழையவை. சிப்பியும் எலும்பும் உண்டாவதற்கு முந்தையவை என்பதால், நம் குவாரியில் எவ்வளவு வெட்டினாலும் புதைபடிவம் கிடைக்காது.

அதற்கு அரியலூர்ப் பக்கம்தான் போக வேண்டும். ஒரு காலத்தில் கடல் ஏறி நின்ற நிலம் அது. அங்கிருந்து வந்த அம்மோனைட், அதாவது சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடல் உயிரியின் புதைபடிவம், இருந்தால் அவசரப்படாமல் நில்லுங்கள். மேலோடு தேய்ந்த இடத்தில், முருங்கைக் கீரையை ஒட்டிவைத்தது போல நுணுக்கமான கோடுகள் தெரியும். உள்ளறைச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்கள் அவை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் கொண்டு போனால் இன்னும் நன்றாகத் தெரியும். கால்சைட் என்ற கனிமத்தின் தெளிவான துண்டு இருந்தால் எழுத்தின் மேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓர் எழுத்து இரண்டாகத் தெரியும். எந்தக் கல்லையாவது எடுத்துப் பார்க்கக் கொடுத்தால், அலமாரியில் அதற்குப் போட்டிருக்கும் அதே எண்ணின் மேல் திருப்பி வையுங்கள். கல் மாறினால் அதன் வரலாறே மாறிப்போகும்.

முட்டையைப் பற்றிக் கேட்காத பிள்ளை இல்லை. 2009-இல் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகளைக் கண்டறிந்தது சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள்தான். ஆனால் 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் முட்டை என்று பரபரப்பாகப் பேசப்பட்ட உருண்டைகள், முட்டையே அல்ல என்று வல்லுநர்கள் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக் கல்லை அடையாளம் கேட்கக் கொண்டுபோவதானால் ஓரத்தில் சுத்தியலால் தட்டி, உள்முகம் தெரியும்படி எடுத்துப் போங்கள். வெயிலும் மழையும் பட்ட மேல்தோலை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எடுத்த இடத்தையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.