ஆஃப்லைன் தருவோம் என்று விற்றுவிட்டு இல்லை என்கிறார்களா? பணத்தையும் கேமையும் காப்பாற்றும் வழிகள்

2012 நவம்பர் முதல் 2013 ஜனவரி வரை எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி கேமுக்காக ஃபிரான்டியர் நிறுவனம், பொதுமக்களிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டியது. சர்வரோடு இணையாமலும் தனியாக ஆட முடியும் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. கேட்டது 12.5 லட்சம் பவுண்டு, வந்தது 15.7 லட்சத்துக்கும் மேல். 2014 நவம்பர் 14 அன்று, வெளியீட்டுக்கு ஒரு மாதமே இருந்த நேரத்தில், ஆஃப்லைன் கிடையாது என்று செய்திமடலில் அறிவித்தார்கள். முன்பதிவு செய்துவிட்டு இன்னும் ஆடத் தொடங்காதவர்களுக்கு ரீஃபண்ட் உண்டு என்றார்கள். வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்புகளான ஆல்ஃபாவிலும் பீட்டாவிலும் ஆன்லைனில் ஆடியிருந்தவர்களுக்கு முதலில் இல்லை என்றார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகுதான் ஒவ்வொருவருடைய கோரிக்கையையும் தனித்தனியாகப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

சீக்கிரமே பணம் கொடுத்து, பிழைகளைச் சொல்லி, கேமை வளர்த்துவிட்டவர்களுக்குத்தான் முதலில் கதவு அடைக்கப்பட்டது. அது அநியாயம். ஆனால் பல கடைகளின் விதிகள் இன்றும் அப்படித்தான் இருக்கின்றன: ஆடிய நேரம் கூடக் கூட உங்கள் கை தளரும். அதனால் செய்ய வேண்டியதைச் சரியான வரிசையில் செய்யுங்கள்.

அறிவிப்பு வந்த அன்றைக்கே

முதலில் கேமைத் திறப்பதை நிறுத்துங்கள். 'ஒரு தடவை பார்த்துவிடலாம்' என்று திறந்தாலும் அது கணக்கில் ஏறும். தானாகத் தொடங்கும் லாஞ்சர் இருந்தால் அதையும் அணைத்து வையுங்கள்.

அடுத்தது ஆதாரம். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாக்குறுதி இருந்த பக்கத்தை நிறுவனம் சில மணி நேரத்தில் திருத்திவிடலாம். வெறும் ஸ்கிரீன்ஷாட்டில் முகவரியும் தேதியும் விடுபட்டுப் போகும். பிரவுசரில் கன்ட்ரோல், பி அழுத்தி, பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் இடத்தில் 'மேலும் அமைப்புகள்' பகுதிக்குப் போய், தலைப்பு அடிக்குறிப்புக்கான பெட்டியை டிக் செய்யுங்கள். ஒவ்வொரு தாளிலும் பக்கத்தின் முகவரியும் சேமித்த தேதியும் தானாக அச்சாகும். அதே பக்கத்தை, இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைக் காத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் சேமியுங்கள். ஏற்கெனவே திருத்திவிட்டார்கள் என்றால் பழைய வடிவம் அங்கேயே கிடைக்கலாம். கிக்ஸ்டார்ட்டரில் கேள்வி பதில் பகுதியில் ஒவ்வொரு பதிலின் கீழும் கடைசியாகத் திருத்திய தேதி இருக்கும். அந்த வரியும் நகலில் விழ வேண்டும்.

இவற்றோடு பணம் கட்டிய பில், லைப்ரரியில் தெரியும் ஆடிய நேரம், ரத்து செய்த அறிவிப்பு மூன்றையும் ஒரே கோப்புறையில் போடுங்கள்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

கோபத்தைக் கடிதத்தில் கொட்ட வேண்டாம். எதிர்முனையில் இருப்பவர் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் படிப்பார். அவர் தேடுவது தேதி, எண், காரணம், கோரிக்கை. இந்த அளவு போதும்:

'இந்த கேமை இன்ன தேதியில், இன்ன பில் எண்ணில் வாங்கினேன். வாங்கும்போது விற்பனைப் பக்கத்தில் இணையம் இல்லாமல் ஆடலாம் என்று இருந்தது. நகல் இணைத்துள்ளேன். இன்ன தேதியில் அந்த வசதி கைவிடப்பட்டதாக அறிவித்தீர்கள். அதன் நகலும் உள்ளது. அந்த வசதிக்காகவே வாங்கினேன். அறிவிப்புக்குப் பிறகு ஆடவில்லை. முழுத் தொகையையும் நான் செலுத்திய வழியிலேயே திருப்பித் தர வேண்டுகிறேன்.'

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் பணம் கடையின் வாலெட்டில் விழுந்து, அங்கேயே செலவழிக்க வேண்டிய நிலை வரலாம்.

யாரிடம் கேட்பது

எங்கே பணம் கட்டினீர்களோ அங்கே முதலில். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் கடையில், வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காரணம் எதுவானாலும் தருவார்கள். முன்பதிவு என்றால் வெளியாகும் வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். 2024 ஏப்ரலிலிருந்து, வெளியீட்டுக்கு முன்னதாகவே ஆடவிடும் விலை கூடிய பதிப்புகளில் ஆடிய நேரமும் அந்த 2 மணியில் சேரும். எபிக் கடையிலும் 14 நாள், 2 மணி நேரம்தான். ஜிஓஜி கடையில் 30 நாள், ஆடியிருந்தாலும் கேட்கலாம். பிளேஸ்டேஷனில் 14 நாள் என்றாலும் டவுன்லோட் தொடங்கிவிட்டால், கேமில் பழுது இருந்தாலொழிய, கிடைக்காது. அதனால் அங்கே தானாக டவுன்லோட் ஆகும் வசதியை முன்பதிவின்போதே அணைத்துவிடுவது நல்லது.

முழுமையடையாத நிலையிலேயே விற்கும் எர்லி ஆக்சஸ் கேம்களில் ஒரு பொறி இருக்கிறது. 'முழு வெளியீட்டில் ஆஃப்லைன் வரும்' என்பார்கள், ஆனால் உங்கள் 14 நாள் வாங்கிய அன்றே ஓடத் தொடங்கிவிடும். வாக்குறுதி பொய்க்கும்போது கெடு முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும். அப்போதும் கேளுங்கள். விதிக்கு வெளியே உள்ள கோரிக்கைகளையும் பரிசீலிப்பதாக ஸ்டீம் தன் விதிகளிலேயே எழுதியிருக்கிறது. முதல் மறுப்பு வந்தால், ஆதாரத்தோடு இன்னொரு முறை விண்ணப்பியுங்கள்.

கிக்ஸ்டார்ட்டர் ஒரு கடை அல்ல. உங்கள் ஒப்பந்தம் கேமை உருவாக்குபவரோடுதான், பணம் திருப்பித் தருவதும் அவர் பொறுப்பு. கடிதம் நேராக அவருக்கே போக வேண்டும்.

வங்கியில் புகார் செய்து கார்டு பணத்தைத் திரும்ப இழுப்பது கடைசி ஆயுதம். அதைச் செய்தால் கடை உங்கள் கணக்கையே முடக்கக்கூடும், மற்ற கேம்களும் அதோடு சிக்கிக்கொள்ளும்.

இந்தியாவில் வாங்கியவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, கெடு 2 ஆண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருப்பவர்களுக்கு இன்னும் வலுவான பிடி உண்டு. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள டிஜிட்டல் உள்ளடக்க விதிகளின்படி, தொடர்ந்து வழங்கும் சேவையில் உங்களைக் கணிசமாகப் பாதிக்கும் மாற்றம் வந்தால் 30 நாளுக்குள் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். கடிதத்தில் இதை ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை

கடைப் பக்கத்தில் 'சிங்கிள் பிளேயர்' என்று இருந்தால் ஆஃப்லைன் என்று அர்த்தமில்லை. 'சோலோ' என்பதும் அப்படியே. எலைட்டில் சோலோ முறை வெளியீட்டிலிருந்தே இருக்கிறது. வேறு மனிதர் யாரும் கண்ணில் பட மாட்டார், ஆனால் சர்வர் இல்லாமல் கப்பல் கிளம்பாது. ஸ்டீம் பக்கத்தின் வலது ஓரத்தில் வேறு நிறுவனத்தின் கணக்கு தேவை, திருட்டு நகலைத் தடுக்கும் டெனுவோ பாதுகாப்பு உண்டு போன்ற அறிவிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிஸ்டம் தேவைகளில் நெட்வொர்க் என்ற வரி இருந்தால் அதையும் கவனியுங்கள்.

பிறகு நேரடிச் சோதனை, அந்த 2 மணி நேரத்துக்குள்:

1. முழுதாக அப்டேட் செய்து, இணையத்தோடு ஒருமுறை முகப்பு வரை போய் வெளியே வாருங்கள். பல கேம்களுக்கு முதல் தடவை அனுமதி வாங்க இது தேவை.
2. ஸ்டீமை ஆஃப்லைனுக்கு மாற்றுங்கள்.
3. வைஃபையை அணையுங்கள், கேபிளைப் பிடுங்குங்கள். பலர் இரண்டாவது படியோடு நின்று ஏமாறுகிறார்கள். அது ஸ்டீமின் இணைப்பை மட்டும்தான் துண்டிக்கும், கேம் தன் சர்வரோடு பேசிக்கொண்டேதான் இருக்கும்.
4. கணினியை அணைத்துப் போட்டு, புது ஆட்டம் தொடங்கி, சேவ் செய்து, வெளியே வந்து, மறுபடி அதே இடத்தைத் திறந்து பாருங்கள்.
5. பத்தாவது நாள் மூன்றாவது, நான்காவது படிகளை மறுபடி செய்யுங்கள். அனுமதிக்குக் கெடு வைத்திருக்கும் கேம்கள் அப்போது அகப்படலாம்.

சர்வர் உண்மையிலேயே என்ன வேலை செய்கிறது என்று தெரிய, ஆடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்குங்கள். உடனே வெளியே தள்ளினால், உலகத்தை நடத்துவது பெரும்பாலும் சர்வர்தான். நெடுநேரம் ஓடிவிட்டுப் பிறகு தள்ளினால், சர்வர் வெறும் காவலாளி. 2013 மார்ச்சில் இஏ நிறுவனம் வெளியிட்ட, நகரம் கட்டும் கேமான சிம்சிட்டிக்குக் கணக்கீடுகள் சர்வரில் நடப்பதால் இணையம் கட்டாயம் என்றார்கள். கேபிளைப் பிடுங்கினாலும் நகரம் சுமார் 20 நிமிடம் இயங்கியது. ஓர் ஆண்டு கழித்து, 2014 மார்ச்சில், அதே கேமுக்கு அதே நிறுவனம் ஆஃப்லைன் முறையை வெளியிட்டது. அதனால் 'தொழில்நுட்பரீதியாக முடியாது' என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வாங்கியதும் செய்யும் சோதனையிலேயே, கேபிளைப் பிடுங்கி எத்தனை நிமிடம் ஓடியது என்பதை வீடியோ எடுத்து வையுங்கள்; பின்னால் தேவைப்பட்டால் கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.

கேமை வைத்துக்கொள்ள விரும்பினால்

ஜிஓஜியில் ஆஃப்லைன் இன்ஸ்டாலரைத் தனியாக இறக்கலாம். பெரிய கேம்கள் 4 ஜிபி துண்டுகளாக வரும். ஒரு துண்டு குறைந்தாலும் நிறுவ முடியாது, அதனால் ஹார்ட் டிஸ்கில் போட்டதும் ஒருமுறை நிறுவிப் பாருங்கள். ஸ்டீமில் ஸ்டீம்ஆப்ஸ் கோப்புறைக்குள் காமன் என்ற இடத்தில் கேம் இருக்கும். அதோடு, அந்த கேமின் எண்ணைத் தாங்கிய ஏசிஎஃப் கோப்பையும் நகலெடுங்கள். அது இல்லையென்றால் கேம் நிறுவப்பட்டிருப்பதே ஸ்டீமுக்குத் தெரியாது. சேவ் கோப்புகள் பெரும்பாலும் டாகுமென்ட்ஸ் அல்லது ஆப்டேட்டாவுக்குள் இருக்கும்.

சர்வரிலேயே சேவ் ஆகும் கேம் என்றால் இந்த நகல் எதற்கும் உதவாது. 2024 மார்ச் 31 அன்று தி க்ரூ என்ற கார் ஓட்டும் கேமின் சர்வரை யூபிசாஃப்ட் நிறுவனம் மூடியதும், டிஸ்க் வைத்திருந்தவர்களால்கூடத் தனியாக வண்டி ஓட்ட முடியவில்லை. விற்ற கேம்களை முடக்கக் கூடாது என்று கோரி அதிலிருந்து பிறந்த ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம் ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்துத் திரட்டியது. அதே நிறுவனம் தி க்ரூ 2-க்கு ஆஃப்லைன் வரும் என்று 2024 செப்டம்பரில் அறிவித்து, 2025-ல் கொடுத்தது. அந்த வகை கேம் உங்களிடம் இருந்தால், மூடும் தேதிக்கு முன்பே கடைசி அப்டேட்டை இறக்கி வையுங்கள். சர்வர் நின்றபின் அந்த அப்டேட் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.