கோகேட் தேர்வு: பயிற்சி என்ற பெயரில் நேரும் பிழைகள்

அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் மீத்திறன் வகுப்புக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்க கோகேட் என்னும் திறனறித் தேர்வு பயன்படுகிறது. சொல், எண், உருவம் என மூன்று பிரிவுகள், பிரிவுக்கு மூன்று வகை வினாக்கள் என்ற அதன் அமைப்பைக் கண்டதும், அதையும் ஒரு பாடத்திட்டமாகவே கருதி, அங்குள்ள தமிழ்ப் பெற்றோர் சிலர் மேசை நிறையப் பயிற்சி நூல்களை அடுக்கிவிடுகின்றனர். மற்ற பிழைகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

காகித மடிப்பு வினாவையே எடுத்துக்கொள்வோம். மடித்துத் துளையிட்ட தாளின் படத்தைக் காட்டி, பிரித்தால் துளைகள் எங்கெங்கே இருக்கும் என்று கேட்பார்கள். இத்தகைய படங்களுக்கு வரிசையாக விடை குறிக்கவைப்பதைவிட, ஒரு தாளை இரண்டாக மடித்து, மடிப்பிலிருந்து சற்றுத் தள்ளித் துளையிட்டு, "எத்தனை ஓட்டை இருக்கும், எந்தப் பக்கம்?" என்று கேட்டபின் குழந்தையையே பிரிக்கச் சொல்வது மேல். மடிப்பின் மேலேயே துளையிட்டால் கிடைப்பது இரண்டல்ல, ஒன்றுதான் என்பதைக் கையால் கண்ட குழந்தைக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

விடை தவறென்றதும் சரியானதைச் சொல்லிவிட்டு நகர்வது இன்னொரு பிழை. ஆப்பிள், வாழைப்பழம், திராட்சையோடு சேர்வது எது என்றால், ஆரஞ்சை விட்டுக் கேரட்டைத் தொடும் குழந்தை, "எல்லாம் சாப்பிடுறதுதானே" என்று காரணம் சொல்லும். "அப்படியானால் ரொட்டியும் சேருமே?" என்று கேட்டால் அதுவே யோசிக்கத் தொடங்கும். இந்த உரையாடல் தமிழில் நடந்தால் குறையொன்றும் இல்லை.

கடிகாரம் வைத்து விரட்டுவதும் வேண்டாம். சிறு வகுப்புகளில் ஆசிரியரோ ஒலிப்பதிவோ சொல்வதைக் கேட்டபின்தான் விடை குறிக்க வேண்டும். ஓடப் பழகிய குழந்தை, கேள்வி முடியும் முன்பே குறித்துவிடும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை என்பதால், தெரியாத வினாவையும் வெறுமையாக விடாதிருக்கச் சொல்லித் தந்தால் போதும்.

முடிவைப் படிப்பதிலும் குழப்பம் நேர்கிறது. வயதுசார் திறன் மதிப்பெண் 100 என்று வந்தால், 'நூற்றுக்கு நூறு' என்று ஊரிலிருக்கும் தாத்தாவிடம் சொல்லத் தோன்றும். ஆனால் அது சராசரி. நூற்றுமான வரிசை 90 என்பதும் தொண்ணூறு விடைகள் சரி என்பதன்று. ஒப்பிடப்பட்ட நூறு பேரில் ஏறத்தாழ தொண்ணூறு பேரின் அளவையோ அதற்கு மேலோ எட்டியதையே அது குறிக்கிறது. அந்த ஒப்பீடு சம வயதினரோடா, சம வகுப்பினரோடா என்பது அறிக்கையிலேயே இருக்கும். தகுதி வரம்பு மட்டும் கல்வி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுவதால், அதைப் பள்ளியிடம் கேட்டறிய வேண்டும்.