திரைவாசிப்பானால் இணையப் பக்கத்தை விரைந்து படிப்பது: தொடக்கநிலையினருக்கு

இணையப் பக்கம் ஒன்றைத் திறந்ததும் திரைவாசிப்பான், அதாவது திரையிலுள்ளதைப் பார்வையற்றோருக்குப் பேச்சாகப் படித்துச் சொல்லும் மென்பொருள், உச்சியிலிருந்து படிக்கத் தொடங்கும். இலச்சினை, பட்டி, தேடல் கட்டம், விளம்பரம் எனப் பலவற்றைக் கடந்துதான் நமக்கு வேண்டிய செய்தி வரும். அதுவரை கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே காத்திருப்பதுதான் வழி என்று புதிதாகப் பழகுவோர் பலர் எண்ணிவிடுகிறார்கள். பார்வையுள்ளவர் பக்கத்தை மேலோட்டமாக நோக்கி வேண்டிய இடத்தில் நிற்பதுபோலவே, விசைப்பலகையைக் கொண்டு நாமும் நிற்க முடியும். அதற்குப் பழக வேண்டிய விசைகள் மிகச் சிலவே.

நான் இங்கே விண்டோஸில் என்விடிஏ திரைவாசிப்பானை வைத்தே விளக்குகிறேன். 2006ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவரும் இது திறந்தமூல மென்பொருள். பணம் கட்டாமல் எவரும் நிறுவிக்கொள்ளலாம் என்பதால், தொடங்குபவர்களுக்கு இதையே நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். என்விடிஏவுக்குக் கட்டளையிட மற்ற விசைகளுடன் சேர்த்துப் பிடிக்கும் விசையே என்விடிஏ விசை; வழக்கமாக அது இன்சர்ட். மடிக்கணினி வைத்திருப்பவர்கள், கேப்ஸ் லாக் விசையை என்விடிஏ விசையாக அமைத்துக்கொள்வது கைக்கு எளிது.

முதலில் தலைப்புகள், அதாவது ஹெட்டிங். எச் விசையை ஒருமுறை அழுத்தினால் அடுத்த தலைப்புக்கும், ஷிப்டுடன் சேர்த்து அழுத்தினால் முந்தைய தலைப்புக்கும் செல்லலாம். 1 முதல் 6 வரையிலான எண் விசைகள் அந்தந்த நிலைத் தலைப்புகளுக்கு மட்டும் செல்லும். கட்டுரையின் பெயர் பெரும்பாலும் முதல்நிலைத் தலைப்பாக இருக்கும். ஆகவே பக்கம் திறந்ததும் 1 விசையை அழுத்திப் பார்ப்பதே என் வழக்கம். அங்கிருந்து என்விடிஏ விசையுடன் கீழ் அம்புக்குறியை அழுத்தினால் தொடர்ந்து படிக்கும். மடிக்கணினி விசையமைப்பில் அதற்கு என்விடிஏ விசையுடன் ஏ. கண்ட்ரோல் விசை பேச்சை நிறுத்தும்.

மற்ற விசைகளையும் இதேபோல் நினைவில் வைக்கலாம். பட்டனுக்கு பி (B), டேபிளுக்கு டி (T), எழுத்துகளை உள்ளிடும் எடிட் கட்டத்துக்கு ஈ, லிஸ்ட்டுக்கு எல் என அந்தந்தச் சொல்லின் முதல் ஆங்கில எழுத்தே விசை. லிங்க்குக்கு மட்டும் அச்சொல்லின் கடைசி எழுத்தான கே. லேண்ட்மார்க் எனப்படும் பக்கப் பகுதிகளுக்கு, லேண்ட் என்பதன் கடைசி எழுத்தான டி (D). தலைப்புகளே இல்லாமல் அமைக்கப்பட்ட பக்கங்களில் முதன்மைப் பகுதியை அடைய இந்த லேண்ட்மார்க் விசை கைகொடுக்கும்.

இனி, தொடக்கநிலையினர் பெரும்பாலோர் தடுமாறும் இடத்துக்கு வருவோம். மேற்சொன்ன ஒற்றையெழுத்து விசைகள் உலாவும் நிலையில், அதாவது பிரவுஸ் மோடில் மட்டுமே வேலை செய்யும். எழுத்துகளைத் தட்டச்சு செய்ய ஃபோகஸ் மோட் வேண்டும். டேப் விசையால் எடிட் கட்டத்தை அடைந்தால் என்விடிஏ தானாகவே ஃபோகஸ் மோடுக்கு மாறி, ஓர் ஒலியால் அதைத் தெரிவிக்கும். ஆனால் ஈ விசையால் அதே கட்டத்தை அடைந்தால் அது மாறாது. என்டர் தட்டிய பிறகே மாறும். இதை அறியாத ஒருவர் பெயருக்கான கட்டத்துக்கு ஈ விசையால் வந்து, உடனே குமார் என்று ஆங்கிலத்தில் தட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். கே அடுத்த லிங்க்குக்குத் தாவும், யூ இதுவரை திறக்காத லிங்க்குக்குத் தாவும், ஆர் ரேடியோ பொத்தானைத் தேடும். கட்டத்தில் ஓர் எழுத்தும் விழுந்திருக்காது. கணினியில் கோளாறு என்று நினைத்துப் படிவத்தையே கைவிடுவோர் உண்டு. கோளாறு எதுவும் இல்லை, ஒரு என்டர்தான் குறை.

எழுதி முடித்ததும் எஸ்கேப் விசை மீண்டும் உலாவும் நிலைக்குக் கொண்டுவரும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. என்விடிஏ விசையுடன் ஸ்பேஸ் அழுத்தி நீங்களாகவே ஃபோகஸ் மோடுக்கு மாறியிருந்தால், எஸ்கேப் உதவாது. அதே விசைக்கூட்டை அழுத்தித்தான் திரும்ப வேண்டும். எச் விசை திடீரென வேலை செய்யாமற்போனால் முதலில் இதைத்தான் சோதித்துப் பாருங்கள்.

டேப் விசையைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது லிங்க், பொத்தான், கட்டம் போன்றவற்றில் மட்டுமே நிற்கும். இடையிலுள்ள வெறும் எழுத்துகளைத் தாண்டிப் போய்விடும். கடவுச்சொல்லில் ஓர் எண்ணாவது இருக்க வேண்டும் என்று கட்டத்துக்குக் கீழே எழுதியிருந்தாலும், அந்தக் குறிப்பு கட்டத்தோடு முறையாகப் பிணைக்கப்படாத பக்கங்களில் டேப் வழியே போகிறவருக்கு அது கேட்காது. ஆகவே புதிய படிவம் எதுவானாலும், முதலில் ஒருமுறை அம்புக்குறியால் முழுவதும் படித்துவிட்டு, அதன் பிறகு நிரப்பத் தொடங்குவதே நல்லது.

நீளமான பக்கங்களுக்கு என்விடிஏ விசையுடன் எஃப்7. பக்கத்திலுள்ள தலைப்புகளோ லிங்க்குகளோ ஒரே பட்டியலாக வரும். அதில் சில எழுத்துகளைத் தட்டி வடிகட்டலாம். தலைப்புகளுக்கு நான் இதைப் பெரிதும் விரும்புகிறேன், லிங்க்குகளுக்கு அவ்வளவாக இல்லை. ‘மேலும் படிக்க’ என்றே பத்து லிங்க்குகள் வரிசையாக வந்தால் எது எதற்குரியது என்று தெரியாது. தேட வேண்டிய சொல் தெரிந்திருந்தால், என்விடிஏ, கண்ட்ரோல், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தி நேரே அங்கே போய்விடலாம்.

பின்சேர்க்கை: அட்டவணைகளைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். டேபிளுக்குள் நுழைந்த பின் கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்தபடி அம்புக்குறிகளை அழுத்தினால் கட்டம் கட்டமாக நகரலாம். அட்டவணை ஒழுங்காக அமைக்கப்பட்டிருந்தால், நெடுவரிசை மாறும்போது அதன் தலைப்பையும் சேர்த்துச் சொல்லும். சில கணினிகளில், திரைக்காட்சியைக் கையாளும் மென்பொருளான வரைகலை இயக்கி இதே விசைக்கூட்டைத் திரையைச் சுழற்றுவதற்கு வைத்திருக்கும். அத்தகைய கணினிகளில் அதை அழுத்தும்போது திரை சுழன்றுவிடக்கூடும், நமக்கோ அது தெரியாது. கண்ட்ரோல், ஆல்ட், மேல் அம்புக்குறி மூன்றையும் அழுத்தினால் திரை பழைய நிலைக்குத் திரும்பும். அந்த இயக்கியின் அமைப்புகளுக்குள் சென்று அதன் குறுக்குவிசைகளை அணைத்துவிட்டால் இந்தத் தொல்லை மீண்டும் வராது.