டெர்பிஷயர் கிராமங்களைப் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

ஒரு மே மாதத் திங்கள்கிழமை. ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பாவையும் சித்தியையும் காரில் ஏற்றிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் ஓட்டி, இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பக்கத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தின் வாசலில் போய் நின்றேன். கதவில் பூட்டு. பக்கத்தில் ஓர் அட்டை: திங்கள் விடுமுறை. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு இங்கே இருந்ததே ஒன்பது நாள்தான், அதில் ஒன்றை நான் வீணாக்கிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேரை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள் எவை என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் சொல்வது டெர்பிஷயர் டேல்ஸ் என்ற மாவட்டத்தை. மாட்லாக், பேக்வெல், ஆஷ்போர்ன், வெர்க்ஸ்வொர்த் என்று சில சிற்றூர்கள். மற்றதெல்லாம் கிராமம், ஆட்டு மந்தை, கருங்கல் நிறத்தில் நீளும் வேலிச் சுவர்கள். பெரும்பகுதி பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. 1951ல் அமைந்த இதுதான் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா.

லண்டன் பழக்கத்தோடு இங்கே வருவதுதான் முதல் தவறு. பிரிட்டிஷ் மியூசியம்போல நினைத்த நேரத்தில் உள்ளே நுழைய முடியாது. கிராமத்து அருங்காட்சியகங்களை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், அதிலும் பணி ஓய்வு பெற்றவர்களே அதிகம். அதனால் வாரத்தில் ஓரிரு நாள் விடுமுறை இருக்கும், குளிர்காலத்தில் மாதக்கணக்கில் கதவே திறக்காது. பெரிய மாளிகைகளும் ஜனவரி, பிப்ரவரியில் சாத்தியிருப்பது வழக்கம். கிளம்பும் நாள் காலையில் அந்தந்த இடத்தின் சொந்த இணையதளத்தைப் பாருங்கள், மேப் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள். 'கடைசி நுழைவு' என்று தனியாக ஒரு நேரமும் போட்டிருப்பார்கள். அது மூடுவதற்கு ஒரு மணி நேரம்கூட முந்தியதாக இருக்கலாம்.

டிக்கெட்டில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டை இருந்தால் எல்லா இடத்துக்கும் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய மாளிகைகளையும் சின்னங்களையும் பராமரிக்கும் அறக்கட்டளைகளில் நேஷனல் டிரஸ்ட் வேறு, இங்கிலிஷ் ஹெரிடேஜ் வேறு. இந்த மாவட்டத்தின் இரண்டு பெரிய வீடுகளான சாட்ஸ்வொர்த், ஹாடன் ஹால் இரண்டுமே அவற்றின் கையில் இல்லை, அங்கே தனியாகத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். அடுத்தது கிஃப்ட் எய்ட். கவுன்டரில் "நீங்கள் இங்கே வரி கட்டுகிறவரா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் நாம் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸை அந்த அறக்கட்டளை அரசிடமிருந்து பெற்றுக்கொள்ளும். சில இடங்களில் அந்த டிக்கெட்டே ஓராண்டுக்குச் செல்லும். இங்கே வருமான வரி கட்டுகிறவர்கள் தயங்காமல் சம்மதிக்கலாம். சுற்றுலா வந்த உறவினரின் டிக்கெட்டுக்கு அவர் சம்மதிக்கக் கூடாது, அது வரி சம்பந்தப்பட்ட உறுதிமொழி.

ஆனால் இவற்றையெல்லாம்விட எனக்கு மனம் வலிக்கும் தவறு ஒன்று உண்டு: ஒரே நாளில் ஐந்து இடம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு ஓடுவது. காலையில் சாட்ஸ்வொர்த் வாசலில் ஒரு படம், மதியம் ஆலையில் ஒரு படம், சாயங்காலம் வேறெங்கோ ஒன்று. இந்த ஊர்களின் கதைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடக்கின்றன. ஓர் இழையைப் பிடித்துப் போனால்தான் அது புலப்படும்.

குரோம்ஃபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1771ல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் நீர்விசையில் பருத்தி நூற்கும் ஆலையைத் தொடங்கிய இடம். இந்தப் பள்ளத்தாக்கின் ஆலைகள் 2001 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். ஆலை முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு எல்லோரும் காபி குடிக்கப் போய்விடுகிறார்கள். இவ்வளவு ஒதுக்குப்புறமான இடத்தில் ஏன் ஆலை கட்டினார் என்று கேட்பதில்லை. விடை தண்ணீரில் இருக்கிறது. வெர்க்ஸ்வொர்த் பக்கத்து ஈயச் சுரங்கங்களில் ஊறிய நீரை வடிக்க மலைக்கடியில் ஒரு நீண்ட சுரங்கக் கால்வாய் வெட்டியிருந்தார்கள். பூமிக்குள்ளிருந்து வரும் அந்தத் தண்ணீர் சற்றே வெதுவெதுப்பானது, கடுங்குளிரிலும் உறையாது. ஆகவே சக்கரம் ஆண்டு முழுவதும் சுற்றியது. ஈயம் தோண்டியவர்கள் வேண்டாம் என்று வெளியே விட்ட நீரில்தான் பருத்தி ஆலை ஓடியது. உள்ளே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களும். இரவு பகலாக, பன்னிரண்டு மணி நேர வேலை.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இந்தியப் பருத்தித் துணி உள்ளூர் நெசவாளர்களின் பிழைப்பைக் கெடுக்கிறது என்று 1721ல் இங்கிலாந்து பெரும்பாலான பருத்தித் துணிகளுக்குத் தடை போட்டது. பிரிட்டனிலேயே நூற்று நெய்த பருத்திக்கு 1774ல் அந்தத் தடை தளர்ந்தது. அதற்காக முயன்றவர்களில் ஆர்க்ரைட் முக்கியமானவர். கோழிக்கோட்டின் பெயரைச் சுமந்த 'காலிகோ' துணி இங்கேயே உருவாகத் தொடங்கிய கதை அது. இதைத் தெரிந்துகொண்டு அந்த முற்றத்தில் நின்று பாருங்கள், சுவர்களே வேறு மாதிரித் தெரியும். பேக்வெல்லில் இருக்கும் ஓல்ட் ஹவுஸ் அருங்காட்சியகத்துக்கும் இதே இழை போகிறது. பதினாறாம் நூற்றாண்டு வீடான அதை, தன் ஆலைத் தொழிலாளர்கள் குடியிருக்கச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தவரும் ஆர்க்ரைட்தான். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

ஈம் கிராமத்தில் நடக்கும் தவறு வேறு வகை. பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தால் 'ஏயாம்' என்று வரும், ஊரார் சொல்வது ஈம். 1665ல் லண்டனிலிருந்து ஒரு தையல்காரருக்கு வந்த துணி மூட்டையோடு பிளேக் நோயும் வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு, பாதிரியார் வில்லியம் மாம்பசனும் அவருக்கு முன்பு அங்கே பாதிரியாராக இருந்த தாமஸ் ஸ்டான்லியும் கேட்டுக்கொண்டதால் ஊர் தன்னைத் தானே அடைத்துக்கொண்டது. சுமார் 260 பேர் செத்தார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் 1666 ஆகஸ்டில், எட்டே நாளில், கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார்.

இறந்தவர்களின் பெயர்ப்பலகை வைத்த வீடுகள் தெருவிலேயே இருக்கின்றன. அவற்றில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. அது தெரியாமல் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்து எட்டிப் பார்க்கிறார்கள், படியில் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பலகையைத் தெருவில் நின்றே படிக்கலாம். அதற்குப் பதிலாக ஊரெல்லையில் இருக்கும் கல்லுக்கு நடந்து போங்கள். ஸ்டோனி மிடில்டன் போகும் வயல் பாதையில் இருக்கிறது. கல்லின் மேற்புறத்தில் சின்னச் சின்னக் குழிகள். நோய் பரவாமலிருக்க அவற்றில் வினிகர் ஊற்றி, ஈம் ஊரார் காசைப் போட்டு வைப்பார்கள். அடுத்த ஊர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப்போவார்கள். நான் போனபோது குழிகளில் மழைநீர் நின்றது. விரலை விட்டுப் பார்த்தேன், விளிம்பெல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தது. சித்தி வெகுநேரம் அந்தக் கல்லின்மேல் கை வைத்துக்கொண்டே நின்றார்.

இம்மாதிரி வயல் பாதைகளில் நாம் திறந்த கேட்டை மூடாமல் போவது பெரிய குற்றம், ஆடுகள் சாலைக்கு வந்துவிடும். ஆர்பர் லோ என்ற கல்வட்டத்துக்கு ஒரு பண்ணை வழியாகத்தான் போக வேண்டும். உண்டியலில் போடச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கற்களெல்லாம் படுத்துக்கிடக்கின்றன என்று ஏமாற வேண்டாம். 1882ல் பிரிட்டன் முதன்முதலாகச் சட்டம் போட்டுக் காத்த தொல்சின்னங்களில் அதுவும் ஒன்று.

மாளிகைகளில் அறைகள் இருட்டாக இருப்பதைச் சிலர் குறை சொல்வார்கள். பழைய திரைச்சீலையும் துணியும் வெளிச்சத்தில் நிறம் வெளுத்து இற்றுப்போகும். அதனால்தான் பாதி மறைத்து வைத்திருக்கிறார்கள். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். அறையின் மூலையில் நிற்கும் பெரியவரிடம் வெட்கப்படாமல் கேள்வி கேளுங்கள். பேச யாராவது வர மாட்டார்களா என்று காத்திருப்பவர்கள் அவர்கள். பலகையில் எழுதாததையெல்லாம் சொல்வார்கள்.

சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கிராமத்து பப்பில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரைக்கே முடிந்துவிடலாம். கார் இல்லாதவர்கள் டெர்பியிலிருந்து மாட்லாக் போகும் ரயிலில் குரோம்ஃபோர்டில் இறங்கலாம். பஸ்ஸை நம்பினால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் போனில் சிக்னல் கிடைக்காமல் போகும்.

தேவாலயங்களை 'நம் இடம் இல்லையே' என்று தாண்டிப்போகிறவர்கள் உண்டு. வழிபாட்டு நேரம் தவிர மற்ற நேரத்தில் யாரும் தடுக்க மாட்டார்கள், டிக்கெட்டும் இல்லை. வெர்க்ஸ்வொர்த்தின் செயின்ட் மேரி தேவாலயத்தில் சுவரில் பதித்த ஒரு சின்னச் சிற்பத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு கையில் கூடை, தோளில் கொத்துக்கோடரி, நடந்துகொண்டேயிருக்கும் ஓர் ஈயச் சுரங்கத் தொழிலாளி. உள்ளூரில் அவருக்குப் பெயர் 'டவுட் மேன்', அதாவது 'தி ஓல்ட் மேன்', நம் பேச்சில் சொன்னால் பெரியவர். குரோம்ஃபோர்டில் சக்கரத்தைச் சுழற்றிய தண்ணீர் அவர்போன்றவர்கள் தோண்டிய குழிகளிலிருந்துதான் வந்தது.